கொக்குவில் காணியும் இரண்டு தரகர்களும்

இந்த முறை கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போனது அப்பாவின் கொக்குவில் காணிப் பங்கை விற்கத்தான். முழுக்காணி எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். பாதி எங்களுக்கு, பாதி மாமிக்கு; இன்னும் பிரிக்கவில்லை.

முதலில் வந்த தரகர் வாங்குபவரைக் கண்ணிலேயே காட்டவில்லை. "அதை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்பார். எங்களுக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் பரப்புக்குக் கூடிய விலை, இடையில் நிற்பது அவருக்கு, கொமிசன் வேறு. வாங்க இருந்தவரின் அண்ணனைப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கண்டு கதைத்தபோதுதான் விளங்கியது. கஷ்டப்பட்டு உழைத்த காசோடு வந்த மனிதரையும் சேர்த்து ஏமாற்றப் பார்த்ததுதான் எனக்குப் பெரிய கோபம்.

அப்புறம் அயலில் ஒருவர் சொல்லி வேறொரு ஐயா வந்தார். "உறுதியைக் கொண்டு வாங்கோ தம்பி, காணியைப் பிறகு பார்ப்பம்" என்றார். காணிப் பத்திரமான அந்த உறுதியை வாசித்துவிட்டு முதலில் கேட்டது மாமியைப் பற்றி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்கமுன் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. அறிவிக்காமல் விற்றால் வாங்கியவர் பிறகு வழக்கில் மாட்டுவார்.

மாமி வீட்டோடு எங்களுக்குப் பல வருடமாகப் பேச்சில்லை. ஐயாதான் போனார். மாமிக்குக் காணி வேண்டாம், கிணற்றுக்குப் போகிற வழி பறிபோகும் என்பதுதான் பயமாம். வெறும் கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் இது வெளியே வந்திராது. சொந்தக்காரர் நாங்கள் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். கிணற்றுப் பங்கையும் வழியையும் உறுதியில் எழுதுவதாகச் சரி வந்தது. உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு, மாமிக்கு முறைப்படி அறிவித்தலும் அனுப்பினார்.

வாங்குபவரையும் எங்களையும் ஒரே விறாந்தையில் இருத்தித்தான் ஐயா விலை பேசினார். தன் கொமிசன் நூற்றுக்கு இரண்டு, இரண்டு பக்கமும், என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வாங்குபவரின் குடியுரிமையையும் கேட்டார். 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள் பேரில் பொதுவாகக் காணி எழுத முடியாது.

காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்பதை மட்டும் வாங்குபவர் தன் நொத்தாரிசைக் கொண்டு செய்வித்தார். "அப்படித்தான் செய்யவேணும்" என்றார் ஐயா. நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைத்த அன்றே ஐயாவின் கொமிசன் காசைக் கொடுத்தோம். இப்போது கனடாவில் யார் காணி விற்கக் கேட்டாலும் அவருடைய நம்பரைத்தான் கொடுக்கிறேன்.