8,400 போச்சு: “ஒரே தடவையில் பேன், செள்ளு காலி” பொடியை நம்பாதீங்க

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கோழிக்குப் பேன் மருந்து என்று ஓர் இணைய விற்பனைத் தளத்தில் 8,400 கொடுத்து வாங்கிய மூன்று பொருளும் குப்பை. பணம் திரும்பாது என்ற கடைசிப் பதில் இன்று காலையில்தான் வந்தது. தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள், விற்றவர் வேறு பெயரில் நாளைக்கே கடை விரிப்பார். சரக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். சரியான வைத்திய முறையை முழுதாகக் கடைசியில் எழுதுகிறேன்.

படத்தில் மூன்று டப்பா. உடம்பில் தூவ 2 கிலோ வெள்ளைப் பொடி, கூண்டில் அடிக்க 1 லிட்டர் தெளிமருந்து, குடிதண்ணீரில் கலக்க 100 மில்லி சொட்டு. கீழே இப்படி: “முழுக்க மூலிகை. பேன், செள்ளு, கால் செதில் எல்லாம் ஒரே தடவையில் காலி. ஈரும் சேர்ந்து சாகும்.”

இந்தக் கடைசி வரியிலேயே விலகியிருக்க வேண்டும். கோழிப்பேன் தன் ஈரை இறகின் அடித்தண்டில் பசைபோட்டு ஒட்டிவைக்கிறது. ஆசனவாயைச் சுற்றி இறகைப் பிரித்துப் பார்த்தால் சுண்ணாம்பை அப்பியது போலக் கொத்துக் கொத்தாகத் தெரியும். பெர்மெத்ரின் மாதிரி நிஜமான பூச்சிக்கொல்லியே ஈரின் மேலோட்டைத் தாண்டி வேலை செய்வதில்லை. அதனால்தான் 7 முதல் 10 நாளில் மறுபடி தூவச் சொல்கிறார்கள். மறுசுற்று வேண்டாம் என்று சொல்கிறவருக்குப் பேனைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

நம்பியது எங்கே என்றால் விற்றவரின் அரட்டைப் பெட்டியில். இரவு 10 மணிக்குக் கேட்டதற்கு இரண்டே நிமிடத்தில் பதில். “எத்தனை கோழி? கூண்டு எத்தனை அடி? மரமா, கம்பியா? அடையில ஏதாவது உட்கார்ந்திருக்கா?” அடைகோழியைப் பற்றிக் கேட்டதும், விஷயம் தெரிந்தவர் என்று மனசு இளகிவிட்டது. 22 கோழி என்றதும், “சின்ன செட் பத்தாது, பெரிய செட் எடுத்துக்குங்க, 8,400.” இப்போது திரும்பப் படித்தால் தெரிகிறது, கேட்டதெல்லாம் பில் போடுகிற கணக்கு. பேனா செள்ளா, பகலில் பார்த்தீர்களா இரவில் பார்த்தீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வைத்தியமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பேன் 2, 3 மில்லிமீட்டர் இருக்கும், வைக்கோல் நிறம். டார்ச் அடித்தால் தோல்மேல் குடுகுடுவென்று ஓடி ஒளியும். பிறப்பு முதல் சாவு வரை கோழி மேலேயேதான் வாசம். கீழே விழுந்தால் ஒரு வாரம் தாங்குவதே அதிகம். சிவப்புச் செள்ளு இதற்கு நேர் எதிர். 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. பகலெல்லாம் கம்பின் முனையிலும் பலகை இடுக்கிலும் முட்டைப் பெட்டியின் மூட்டிலும் கிடந்துவிட்டு, இருட்டியதும் ஏறி இரத்தம் குடித்து, விடியும் முன் இறங்கிவிடும். பகலில் கோழியைப் பிடித்து எவ்வளவு தேடினாலும் ஒன்றும் அகப்படாது. கோழிகள் அடைந்த பிறகு, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். இரத்தக் கோடு விழுந்தால் செள்ளுதான். சூடான நாட்களில் ஒரு தலைமுறை முடிய அதற்கு ஒரு வாரம் போதும். கோழியே இல்லாத வெறுங்கூண்டிலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பிழைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இன்னொரு செள்ளு உண்டு, அது பேனைப் போல உடம்பிலேயே குடியிருக்கும். ஆசனவாய்ப் பக்கத்து இறகு கருத்து, அழுக்கெண்ணெய் பிடித்த மாதிரி இருந்தால் அதுவாக இருக்கலாம்.

ஆக, பேனுக்குக் கோழியைக் கவனிக்க வேண்டும், சிவப்புச் செள்ளுக்குக் கூண்டைக் கவனிக்க வேண்டும். இது தெரியாமல் கோழிக்கு எவ்வளவு பொடி போட்டாலும் செள்ளு பலகைக்குள் பத்திரமாக இருக்கும்.

இனிதான் முக்கியமான சங்கதி. அந்தப் பொருளுக்கு 4.8 நட்சத்திரம். எல்லாம் கள்ள விமர்சனம் என்று நினைக்க வேண்டாம், பாதி உண்மையாகவே இருக்கும். எந்த நைசான பொடியை இறகுக்குள் தேய்த்தாலும், வெறும் சாம்பலானாலும், முதல் நாளில் ஓடித் திரிகிற பேன் நிறைய உதிரும். கோழி மண்ணில் புரள்வதே அதற்குத்தானே. மறுநாள் பார்த்தால் பாதி காணோம். “அற்புதம்” என்று ஐந்து நட்சத்திரம் போடுவோம். நானும் போட்டேன், இன்னும் அங்கேயே நிற்கிறது, அழிக்க விடமாட்டேன் என்கிறது. ஈர் பொரிக்க 4 முதல் 7 நாள். தளத்தில் பொருளைத் திருப்பித் தரும் கெடு 7 நாள். கணக்குப் புரிகிறதா? புதுப்பேன் கண்ணுக்குத் தெரியும் நாளில் “திருப்பி அனுப்பு” பொத்தான் மறைந்துவிடுகிறது. எனக்கு 9-ஆம் நாள் வெளிறிய குஞ்சுப்பேன் தெரிந்தது. 8,400 அதற்கு முந்தைய நாளே கைவிட்டுப் போய்விட்டது.

தெளிமருந்தில் கற்பூர வாசனையைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குப் படவில்லை. அடித்த அன்று இரவே துணியில் இரத்தக் கோடு. சொட்டுதான் கில்லாடித்தனம். “இது இரத்தத்துல கலக்கும், குடிச்ச செள்ளு செத்துடும்” என்றார். அப்படி ஒரு மருந்து நிஜமாகவே இருப்பதால்தான் நம்பினேன். ஃப்ளூரலானர் என்று பெயர், ஐரோப்பாவில் 2017-இல் கோழிக்கு அனுமதி பெற்றது. கோழியின் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கில் குடிதண்ணீரில், 7 நாள் இடைவெளியில் இரண்டு தடவை. எடை போட்டு, கோழிகள் குடிக்கும் தண்ணீரை அளந்து, கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டிய சரக்கு அது. நமது ஆள் சொன்ன அளவு “ஒரு வாளிக்குப் பத்துச் சொட்டு.” எந்த வாளி?

9-ஆம் நாளிலிருந்து சாக்குகள் ஆரம்பம். முதலில் “மூணு நாள் பொறுங்க, மருந்து உள்ளே வேலை செய்யுது.” 12-ஆம் நாள், “நீங்க சரியாத் தேய்ச்சிருக்க மாட்டீங்க.” படம் அனுப்பினேன், ஈர்க்கொத்து பளிச்சென்று தெரியும் படம். “அது பேன் இல்ல, பொடுகு.” கோழிக்குப் பொடுகாம்! 15-ஆம் நாள், “உங்க கோழிக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, டானிக் அனுப்பறோம், 1,900 மட்டும்.” அதற்குப் பிறகு அந்த அரட்டைப் பெட்டி திறக்கவே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால் ஒருவர் “உங்கள் சிரமம் புரிகிறது” என்றார், அடுத்தவர் “சீல் உடைத்த பொருள் திரும்ப எடுக்கப்படாது” என்றார். சீலை உடைக்காமல் மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு, புகார் தீர்க்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. 8,400-க்கு அந்த ஒற்றை வரிதான் ரசீது.

இதற்குள் முட்டை பாதியாகிவிட்டது. அடையில் இருந்த பெட்டையின் கொண்டை வெளுத்து, ஒரு காலையில் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தது. அடைகோழி இரவு பகலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் செள்ளுக்கு அதுதான் நிரந்தரப் பந்தி. கடைசி வரை காசைவிட அதுதான் உறுத்துகிறது.

“மூலிகைதானே, கெடுதல் இல்லையே” என்று யாராவது ஆறுதல் சொன்னால் 2017-ஐ நினைவுபடுத்துங்கள். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் யூகலிப்டஸ், மெந்தால் கலந்த தாவரச் சரக்கு என்று சொல்லிக் கோழிப் பண்ணைகளில் செள்ளுக்கு அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளிடம் அங்கே தடைசெய்யப்பட்டது அது. லட்சக்கணக்கில் முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்து அழித்தார்கள். எனக்கு வந்த டப்பாவில் மூலப்பொருள் பெயரே இல்லை. அதனால் வெறும் சுண்ணாம்புத்தூளா, அல்லது முட்டை வழியாக நம் வயிற்றுக்குள் போகிற ஏதாவதா என்று சொல்ல வழியில்லை. தூவிய நாளிலிருந்து வந்த முட்டையை எல்லாம் குழி தோண்டிப் புதைத்தேன்.

முழு முறையை எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில:

மருந்தின் பெயர், சதவீதம், தொகுதி எண், காலாவதி நாள், முட்டையிடும் கோழிக்கு ஆகும் என்ற வரி, இவை டப்பாவில் இல்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள். வாங்கிவிட்டால் நட்சத்திரத்தை 15-ஆம் நாளுக்கு முன் போடாதீர்கள்.

கோழிக்கென்று விற்கும் 0.25% பெர்மெத்ரின் தூள் என்றால் ஒரு கோழிக்குச் சுமார் 4, 5 கிராம். மாலையில் ஒருவர் பிடிக்க, ஒருவர் தூவ வேண்டும். ஆசனவாய்ப் பக்கம், இரண்டு இறக்கைக்கடி, தொடை, வாலடி, கழுத்து என்று இறகை எதிர்த்திசையில் கோதித் தோலில் படும்படி தேயுங்கள். கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள், கோழிக்கும் உங்களுக்கும். ஒன்று விடாமல் எல்லாக் கோழிக்கும் அதே நாளில், பிறகு 10 நாளில் மறுபடி. ஒரு கோழி தப்பினாலும் பேன் தப்பியது. ஈர் அப்பிய இறகை வெட்டி எரித்துவிடலாம், பிடுங்க வேண்டாம். பூனை இருக்கிற வீட்டில் ஜாக்கிரதை, பெர்மெத்ரின் அதற்கு விஷம். மீன்தொட்டிப் பக்கமும் வேண்டாம்.

சிவப்புச் செள்ளு என்றால் கூண்டைக் காலிசெய்து தரையில் விரித்த படுகையை எரித்துவிடுங்கள், கம்பைக் கழற்றி முனைகளைச் சுரண்டுங்கள், இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மருந்து. ஈரத்தில் தூவிய பொடி சேறுதான். 7 நாளில் மறுபடி, அதற்கடுத்த வாரம் இன்னொரு தடவை.

கால் செதில் தடித்து எழும் நோய் வேறு, அதன் செள்ளும் வேறு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, வாசலின் கெட்டியாகத் தடவுங்கள், வாரக்கணக்கில். செதிலைப் பிய்க்காதீர்கள், மண்ணெண்ணெய் கூடவே கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கோழி முதுகில் விடாதீர்கள், பலவற்றில் அதே ஃபிப்ரோனில்தான்.

இருட்டப் போகிறது, 21 கோழிக்குத் தூவ வேண்டும். அந்தப் பொடியின் படத்தைக் கருத்தில் போடுகிறேன், அதே சரக்கு வந்திருந்தால் தொகையோடு சொல்லுங்கள். என்னுடையது 8,400.