பழைய வண்டியின் பெட்ரோல் பம்ப் சீல்: நைட்ரைலும் வைட்டானும்

என் பைக்குக்கு வயது இருபதை நெருங்குகிறது. பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் மாடல். டேங்கின் அடியில் ஒரு வட்டத் தட்டு, அதைச் சுற்றிலும் சின்ன போல்டுகள், தட்டுக்கும் டேங்குக்கும் நடுவே கசியாமல் அடைக்க ஒரு பெரிய ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். கம்பெனி போட்டுக் கொடுத்த ரிங் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்தது. அதற்குப் பின் நைட்ரைல் என்ற ரப்பரில் செய்த ரிங் ஒன்று சில ஆண்டுகள் ஓடியது. இப்போது இருப்பது வைட்டான் என்ற வேறு வகை ரப்பர், அதுவும் போட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்றையும் ஒரே வண்டியில், ஒரே பள்ளத்தில் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் இருந்தால் வைட்டான் போடுங்கள். ஆனால் ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது உட்காரும் இடம் சுத்தமாக இல்லாவிட்டால் அடுத்த சில மாதங்களில் திரும்பவும் டேங்கைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இந்தக் கசிவு சொட்டுச் சொட்டாகத் தொடங்குவதில்லை. டேங்கை முழுசாக நிரப்பிய நாளில் மட்டும் பெட்ரோல் வாசனை வரும். மறுநாள் இருக்காது. கீழே குனிந்து பார்த்தால் ஈரமும் இருக்காது, ஏனென்றால் கசிவது வழிவதற்குள் ஆவியாகிவிடும். விட்டுப்போவது மஞ்சள் கலந்த பழுப்புக் கறை மட்டுந்தான். தட்டின் ஓரத்தில் பெயின்ட் லேசாகக் கொப்புளித்து நின்றால் கசிவு பல மாதமாக நடக்கிறது என்று பொருள். நான் செய்யும் சோதனை எளிது: தட்டைச் சுற்றி நன்றாகத் துடைத்து உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு டேங்கை நிரப்புவேன். பவுடர் எங்கே கறுத்து ஒட்டிக்கொள்கிறதோ அங்கேதான் கசிவு. இதைச் செய்யாமல் கழற்றாதீர்கள். சில வண்டிகளில் ரிங் நன்றாகவே இருக்கும். தட்டின் வழியாக வயர்கள் வெளியே வரும் இடத்தில்தான் பெட்ரோல் வேர்க்கும். அங்கே கசிந்தால் எத்தனை ரிங் மாற்றினாலும் பயனில்லை.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. வண்டியை மாதக்கணக்கில் காலி டேங்கோடு நிறுத்தி வைத்துவிட்டு நிரப்பினால் பழைய ரிங் கசியும். ஒரு ராத்திரி போனால் தானாகவே நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று தோன்றும். நடப்பது இதுதான்: நைட்ரைல் ரப்பர் மென்மையாக இருப்பதற்காக அதில் கலக்கும் எண்ணெய் போன்ற பொருட்களைப் பெட்ரோல் மெல்ல மெல்ல உறிஞ்சி எடுத்துவிடுகிறது. அந்த இடத்தில் பெட்ரோலே புகுந்து ரப்பரை உப்ப வைத்திருக்கிறது. டேங்க் காய்ந்தால் அந்தப் பெட்ரோலும் போய்விடும், ரப்பர் புதிதாக இருந்த அளவைவிடச் சுருங்கி இறுகிவிடும். மறுபடி நிரப்பினால் மறுபடி உப்பும். இப்படி ஒவ்வொரு முறை காய்ந்து உப்பும்போதும் ரிங்கின் ஆயுள் குறைகிறது. தானாக நின்ற கசிவை நான் குணமானதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெரிய ரிங்கைப் பற்றிப் பேசும் எல்லோரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று. இந்த வகைப் பம்ப் பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் பல வண்டிகளில் சுமார் 3 பார். ஆனால் அடித்தட்டின் பெரிய ரிங் அந்த அழுத்தத்தைப் பார்ப்பதே இல்லை. அதன் மேல் இருப்பது டேங்கில் நிற்கும் பெட்ரோலின் எடை மட்டுமே. 20 செ.மீ. உயரத்துக்குப் பெட்ரோல் நின்றால் அடியில் வரும் அழுத்தம் ஏறத்தாழ 0.015 பார். அதாவது பம்ப் அழுத்தத்தில் 200-இல் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அழுத்தத்துக்கே கசிகிறது என்றால் ரிங்கின் வலிமை போதவில்லை என்று அர்த்தமில்லை. எங்கோ ரிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் வழி இருக்கிறது. போல்டை இன்னும் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

3 பாரைத் தாங்குவது உள்ளே இருக்கும் குட்டி ரிங்குகள். பம்பின் வாய் மாட்யூலோடு (பம்பும் அதன் துணைப் பாகங்களும் சேர்ந்த தொகுப்பு) சேரும் இடத்தில் ஒன்று, அழுத்தத்தை அளவோடு வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரைச் சுற்றி ஒன்றோ இரண்டோ. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். இவை கெட்டால் வெளியே ஒரு துளி கூட வராது, வாசனையும் வராது. கசியும் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே விழுந்துவிடும். வண்டி மட்டும் மாறிப்போகும். ஐடிலில் ஒழுங்காக நிற்கும். மேட்டில் ஏறும்போதோ கைப்பிடியை முழுசாகத் திருகும்போதோ மூச்சு வாங்கும். சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் செல்ஃப் நீளமாகச் சுற்றும், ஏனென்றால் எஞ்சினை அணைத்த பிறகும் லைனில் நிற்க வேண்டிய அழுத்தம் உள்வழியாக இறங்கிப்போயிருக்கும். இந்த அறிகுறிகளைச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பம்ப் போச்சு, முழு செட்டா மாத்தணும்." போயிருக்கலாம்தான். ஆனால் மோட்டார் சத்தம் சீராக இருந்து, கேஜ் வைத்துப் பார்க்கும்போது அழுத்தம் மட்டும் குறைவாக இருந்தால், முழு செட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்தக் குட்டி ரிங்குகளையும் ஹோஸையும் வடிகட்டியையும் பாருங்கள். என் வண்டியில் பெரிய ரிங்குக்காகத் திறந்தபோது ரெகுலேட்டர் ரிங் ஒரு பக்கம் தட்டையாகிக் கல் மாதிரி இருந்தது. அதை மாற்றியதும் சூட்டில் ஸ்டார்ட் ஆகாத தொல்லையும் கூடவே ஒழிந்தது. அதனால் என் பழக்கம் இப்போது இதுதான்: டேங்கைத் திறந்தால் எல்லா ரப்பரும் புதிது. ஒன்றை மட்டும் மாற்றி மூடுவது கூலியை வீணடிப்பது, கூலி நம்முடையதாகவே இருந்தாலும்.

கழற்றும் வேலையைப் பற்றி நீட்ட மாட்டேன். பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டினால் லைன் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவ், பிறகு டேங்கை வடிப்பது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய் எங்கோ மூலையில் இருக்கும் அடுப்பையோ ஹீட்டரையோ தொடும். மூடிய அறையில் இந்த வேலை வேண்டாம். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தட்டைக் கழற்றியதும் பலரும் மிரளும் காட்சி ஒன்று உண்டு. பழைய ரிங் அதன் பள்ளத்தைவிடப் பெரிதாகத் தொங்கும். திரும்ப உட்கார வைத்துப் பார்த்தால் வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டை மாட்டியது போல எங்காவது ஒரு பக்கம் பிதுங்கும். பெட்ரோலில் ஊறிய ரப்பர் அப்படித்தான். காற்றில் ஓரிரு நாள் வைத்தால் சுருங்கும், அவசரத்துக்கு அதையே மாட்டி ஓட்டியவர்களும் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். முக்கியமாக, அந்த ரிங்கை அளந்து அதே அளவுக்குப் புதியது வாங்காதீர்கள். அது உப்பியும் இருக்கும், தட்டையாகியும் இருக்கும். இரண்டு அளவும் பொய். வெர்னியர் வைத்துப் பள்ளத்தை அளங்கள்: உள் விட்டம், அகலம், ஆழம். தட்டு அமரும்போது ரிங் அதன் தடிமனில் 20 முதல் 30 சதவீதம் வரை நசுங்க வேண்டும். பள்ளத்தை முழுசாக அடைத்துவிடவும் கூடாது, ரப்பர் உப்புவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். இதெல்லாம் வட்டக் குறுக்குவெட்டு உள்ள ரிங்குக்குத்தான். சில வண்டிகளில் உதடு வைத்த சீலோ சதுரமான கேஸ்கெட்டோ வரும். அங்கே ஓ-ரிங் போட்டு ஒப்பேற்ற முயல வேண்டாம், அதே வடிவில் கிடைப்பதைத்தான் போட வேண்டும். சில கம்பெனிகள் அந்த சீலைத் தனியாக விற்காமல் முழு மாட்யூலை வாங்கச் சொல்வது தனி எரிச்சல்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். நைட்ரைல், அதாவது என்.பி.ஆர்., மலிவு. எங்கும் கிடைக்கும். பெட்ரோலுக்கும் ஏற்றது, மோசமான தேர்வு என்று சொல்ல முடியாது. நான் போட்டது 70 ஷோர் கடினம் உள்ள சாதாரண ரிங். முதல் ஆண்டு ஒரு குறையும் இல்லை. பிறகு டேங்க் நிரம்பிய நாட்களில் வாசனை தலைகாட்டத் தொடங்கியது. திறந்து பார்த்தால் ரிங் கிழியவில்லை, வெடிக்கவில்லை. நசுங்கிய வடிவத்திலேயே உறைந்துபோயிருந்தது. திரும்பி எழும்பும் குணம் போய்விட்டது. கீழே எஞ்சின் சூடு, மேலே எத்தனால் கலந்த பெட்ரோல், நடுவில் இந்த ரப்பர். எத்தனால் அளவு கூடக் கூட நைட்ரைலின் பாடு கஷ்டமாகிறது என்பது என் எண்ணம், இருந்தாலும் என் வண்டியில் சூட்டின் பங்கு எவ்வளவு, எத்தனாலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வைட்டான் என்பது எஃப்.கே.எம். வகை ரப்பருக்கு ஒரு கம்பெனி வைத்த பெயர். கடைப் பேச்சில் எல்லா எஃப்.கே.எம்-மும் வைட்டான்தான். 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் ரப்பர் இது, நம் வேலைக்கு அவ்வளவு தேவையே இல்லை. தேவையானது அதன் இன்னொரு குணம்: பெட்ரோலில் மிகக் குறைவாகவே உப்பும். சென்ற முறை வடிகட்டி மாற்றுவதற்காகத் திறந்தபோது ரிங் பள்ளத்தை விட்டு வெளியே வரவே இல்லை. போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. ஒரு பக்கம் லேசான தட்டை, அவ்வளவுதான். குறையும் உண்டு. விலை நைட்ரைலைப் போலப் பல மடங்கு. கடுங்குளிரில் இறுகிவிடும், சாதாரண வகை பூஜ்ஜியத்துக்குக் கீழே 15, 20 டிகிரிக்குப் போனாலே விறைத்துப்போகும். உறைபனியில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். நிறத்தைப் பார்த்து வாங்கவும் முடியாது. பழுப்பாக இருந்தால் வைட்டான், கறுப்பு என்றால் நைட்ரைல் என்று கடையில் சொல்வார்கள். எந்த ரப்பருக்கும் எந்த நிறமும் கொடுக்கலாம், பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இ.பி.டி.எம். ரப்பர் பிரேக் ஆயிலுக்கு நல்லது, பெட்ரோலில் போட்டால் ஊதிக் கெட்டுப்போகும். சிலிகான் பேஸ்ட் அதைவிட மோசம். ரிங்கைச் சுற்றி அந்த பேஸ்டைத் தடவி மாட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து வரும் துண்டுகள் நேராகப் பம்பின் வடிகட்டியில் போய் அடைக்கும்.

பள்ளமும் டேங்கின் விளிம்பும்தான் அதிக நேரம் பிடித்த வேலை. என் டேங்கில் விளிம்பின் ஒரு ஓரத்தில் துருப் புள்ளிகள் இருந்தன. அடியில் நீர் தங்கும் பக்கம் அது. துருவைத் தேய்க்கும்போது கை போகும் திசை முக்கியம். வட்டத்தோடு சுற்றித் தேய்க்க வேண்டும். உள்ளிருந்து வெளியே தேய்த்தால் விழும் ஒவ்வொரு கீறலும் பெட்ரோலுக்கு ஒரு வாய்க்கால். வட்டத்தோடு விழுந்த கீறலை ரப்பர் மூடிக்கொள்ளும். மிக நைசான தாள் போதும், பளபளப்பு வர வேண்டியதில்லை. நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கக் கூடாது. ஆழமான குழி இருந்தால் ரிங்கிடம் அதை ஒப்படைக்காமல் பெட்ரோல் தாங்கும் எபாக்ஸி வைத்து நிரப்பிச் சமன் செய்துவிடுங்கள்.

மாட்டும்போது ரிங்கில் சுத்தமான எஞ்சின் ஆயில் துளி தடவிக்கொண்டேன், முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரும். போல்டுகளை எதிரெதிராக, சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். என் கையேடு சொல்லும் டார்க் (போல்டை இறுக்கும் அளவு) ஒற்றை இலக்க நியூட்டன் மீட்டர்தான். தட்டு பிளாஸ்டிக் என்றால் கூடுதல் இறுக்கத்துக்கு அது விரிசலால் பதில் சொல்லும்.

உள்ளே இருக்கும் ஹோஸ் பற்றி ஒரு வார்த்தை, இது பலருக்குத் தெரியாது. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட வகை வேண்டும். வெளியே நல்லபடி உழைக்கும் ஆர்9 ஹோஸ் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெல்லக் கரைந்து கொழகொழப்பாகும். ஆர்10 விலை கேட்டால் திகைப்பாக இருக்கும். ஒரு சாண் கூடத் தேவைப்படாது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கிளிப்பும் இன்ஜெக்‌ஷனுக்கானதாக, ஓரம் மடித்ததாக இருக்கட்டும், சாதாரணத் திருகு கிளிப்பின் வெட்டுவாய் ஹோஸைக் கிழிக்கும்.

மூடிய பிறகு முதலில் கொஞ்சம் பெட்ரோல் மட்டும். சாவியைப் போட்டால் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். சில முறை போட்டு அணைத்து அழுத்தம் ஏறவிட்டு லைன் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். பெரிய ரிங்குக்கான சோதனை இது கிடையாது, அதற்கு டேங்கை விளிம்புவரை நிரப்பி ஒரு ராத்திரி விட வேண்டும்.

வைட்டான் போட்ட பின்னும் ஒருமுறை வெயிலில் நிறுத்தியிருந்தபோது லேசான வாசனை வந்தது. ரிங் காய்ந்தே இருந்தது. டேங்க் மூடியின் காற்று வழி அடைத்துப்போய், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, மூடியின் ரப்பர் வழியாகவே ஆவி வந்துகொண்டிருந்தது. அந்த அழுத்தம் அடித்தட்டையும் சேர்த்துத்தான் தள்ளும், ஆகவே மூடியின் துவாரத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். அதன்பின் வாசனை இல்லை. இப்போது வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கைக் காலியாக விடுவதில்லை, பெரிய ரிங்கும் ரெகுலேட்டர் ரிங்குகளும் ஒரு செட் பாக்கெட் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அடுத்து வடிகட்டிக்காக டேங்கைத் திறக்கும்போது அவை உள்ளே போகும்.