வாடகை வாட்டர் பில்ட்டர் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் பதிவைப் பாருங்கள்

பினாங்கில் வாட்டர் பில்ட்டரை மாத வாடகைக்கு எடுத்திருப்பவர்கள், அதிலும் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனியின் பெயரைப் போடவில்லை. பேரங்காடிகளில் மேசை போட்டு, போகிற வருகிறவர்களை மறித்துப் பேசும் பெரிய கம்பெனிகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கும் என் அத்தை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அந்தக் கம்பெனியின் பில்ட்டரை எடுத்தார். மாதம் 95 வெள்ளி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பில்ட்டர் மாற்றி, உள்ளே சுத்தம் செய்து தருவதற்கும் சேர்த்துத்தான் இந்த வாடகை. முதல் ஆண்டு ஒழுங்காக வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. தண்ணீரில் ஒரு வாடை வரத் தொடங்கியதும் அத்தை பழையபடி கொதிக்க வைத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். வாடகை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனியின் செயலியைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு சர்வீஸும் 'முடிந்தது' என்று இருக்கிறது. பக்கத்திலேயே வாடிக்கையாளர் கையெழுத்து. அத்தை தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், வங்கியில் இருந்து எல்லா இடத்திலும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். செயலியில் இருந்ததோ ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கிறுக்கல். இன்னொரு கூத்து, அதில் ஒரு சர்வீஸ் நடந்த தேதி தைப்பூசம்! அன்று விடியற்காலை தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போன அத்தை இரவில்தான் வீடு திரும்பினார். பூட்டிய வீட்டுக்குள் யார் வந்து பில்ட்டர் மாற்றினார்கள் என்று முருகனுக்குத்தான் வெளிச்சம்.

அழைப்பு மையத்தில் பதில் தயாராக இருந்தது. அந்த டெக்னீஷியன் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர், அவரை நீக்கிவிட்டோம், மன்னிக்கவும், ஒரு பில்ட்டர் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். சரி, ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடுங்கள் என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது. மீதமுள்ள மாதங்களுக்கு அபராதம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கடன் பட்டியலில் பெயர் ஏறும் என்றார்கள். 67 வயதுப் பெண்ணிடம் இப்படிப் பேசினார்கள்.

இலவச பில்ட்டர் மாற்ற வந்த புதுப் பையனுக்கு அத்தை தேநீர் கலக்கிக் கொடுத்தார். "ஒரு நாளைக்குப் பதினாலு வீடு கொடுக்கிறாங்க அக்கா. டவுன்ல பார்க்கிங் தேடவே பாதி நேரம் போயிடும். முடிக்கலன்னா கமிஷன் வெட்டு. எல்லாராலும் முடியுமா, நீங்களே சொல்லுங்க" என்றான். பழைய பில்ட்டரைக் கழற்றினான். அதில் ஒட்டியிருந்த தேதி முதல் ஆண்டினுடையது. அதைப் படம் எடுத்து வைத்தேன்.

இதில்தான் எனக்குக் கோபம். நீக்கப்பட்டவன் தப்பு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினாலு வீடு என்று எண்ணிக்கை வைத்தது அவனா? அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தது 2016இல் அம்பலமானது. அதற்காக 5,300 ஊழியர்களை நீக்கியிருந்தார்கள். அவர்களுக்கு எட்ட முடியாத விற்பனை இலக்கை வைத்தது மேலிடம். அதன் முன்னாள் தலைவர் ஜான் ஸ்டம்ப் 17.5 மில்லியன் டாலர் அபராதம் கட்டி, வங்கித் துறையை விட்டே விலக்கப்பட்டது 2020இல்தான். நம் ஊர்க் கதைக்கும் குறைவில்லை. மலேசிய அரசின் 1எம்டிபி நிதி மோசடி விவகாரத்தில் அமெரிக்க வங்கியான கோல்ட்மன் சாக்ஸின் தலைவர் 2019இல் மலேசியர்களிடம் மன்னிப்புக் கேட்டபோது, தங்கள் முன்னாள் ஊழியர் ஒருவரின் செயலுக்காகத்தான் கேட்டார். அடுத்த ஆண்டு அந்த வங்கியின் மலேசியக் கிளை நிறுவனமே அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மலேசியாவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் மதிப்பு 3.9 பில்லியன் டாலர்.

ஆகவே, 'ஆளை நீக்கிவிட்டோம்' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நீங்கள் வாடகை கட்டுவது கம்பெனிக்கு.

நாங்கள் போனது பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு. அந்த மன்றம் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பாரம் 1ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பொதுவாக இரண்டு தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது என்பது. பெரிய கம்பெனியும் ஓர் அதிகாரியைத்தான் அனுப்ப வேண்டும். பாரத்தில் விளம்பரப் பெயரை எழுதாதீர்கள், ரசீதில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிவுப் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். பல கம்பெனிகளுக்கு இரண்டும் வேறு வேறாக இருக்கும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், சிறைகூட உண்டு.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பயப்படவும் வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாது என்று சொல்ல அதே சட்டத்தில் 2011 முதல் இடம் இருக்கிறது. ஆனால் கோபத்தில் வாடகை கட்டுவதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று கதையைத் திருப்பிவிடுவார்கள். எதையும் போனில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். வழி தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

விசாரணை நாளன்று, உள்ளே போவதற்கு முன்பே கம்பெனி அதிகாரி சமாதானத்துக்கு வந்துவிட்டார். அபராதம் இல்லாமல் ரத்து, யாரும் வராத மாதங்களின் வாடகை முழுவதும் திரும்ப. அதை மன்றத் தலைவர் முன்னிலையில் தீர்ப்பாகவே பதிவு செய்யச் சொன்னோம், செய்தார்கள். அதற்கு முன் கம்பெனி அதிகாரி நீட்டிய தாளில், இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்துவிட்டு, "இது வேண்டாம் தம்பி, எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டார்கள். அந்த வரி இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது, ஆகவே உங்களிடம் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலிக் கையெழுத்து பற்றி போலீஸ் ரிப்போர்ட் தனியாகச் செய்திருக்கிறோம். அதே புளோக்கில் கீழ்மாடியில் இருக்கும் இரண்டு வீடுகளிலும் செயலியைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் அதே கிறுக்கல் கையெழுத்து. அவர்களுடைய பாரம் 1 போன வாரம் போயிருக்கிறது. விசாரணைத் தேதி கிடைத்ததும் எழுதுகிறேன்.