டி.என்.ஏ மாதிரிப் பொதி: தவாளிப்புகள் நன்று, முளைகள் இறுக்கம்

திருகோணமலை மத்திய வீதியிலுள்ள புத்தகக் கடையொன்றில், உயர்தர உயிரியல் மாணவர்களுக்கென விற்கப்படும் பிளாஸ்ரிக் டி.என்.ஏ மாதிரிப் பொதியை வாங்கி வகுப்பில் பயன்படுத்தி வருகின்றேன். டி.என்.ஏயோடு நேரடியாகப் பிணைந்து, அது ஆர்.என்.ஏயாகப் படியெடுக்கப்படுவதைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளை விளக்குவதே என் தேவையாதலால், அந்த நோக்கிலேயே இதை மதிப்பிடுகின்றேன்.

மெச்சத்தக்கவை தவாளிப்புகள், அதாவது முறுக்கிய இரு இழைகளுக்கிடையே ஓடும் பள்ளங்கள். மலிவான மாதிரிகள் பல, முறுக்கிய ஏணிபோல இரு தவாளிப்புகளையும் ஒரே அகலத்தில் காட்டிவிடும். இதிலோ, உண்மை டி.என்.ஏயில் பெருந்தவாளிப்பு ஏறக்குறைய 2.2 நனோமீற்றர், சிறுதவாளிப்பு 1.2 நனோமீற்றர் என்ற வேறுபாடு பார்த்தவுடன் புலப்படுகிறது. மின்கம்பித் துண்டொன்றைப் பிறைவடிவில் வளைத்துச் சிறுதவாளிப்பினுள் வைத்தால் நழுவாமல் அமர்கிறது. நெற்றொப்சின், டிஸ்ரமைசின் என்னும் சிறு மூலக்கூறுகள், அடினின், தைமின் ஆகிய மூலங்கள் செறிந்த இடங்களில் அமர்வது இவ்வாறே. இவற்றை முன்மாதிரியாகக் கொண்டு, கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் பீற்றர் டேர்வன் குழுவினர் பைரோல், இமிடசோல் வளையங்களைக் கோத்துப் பொலியமைட்டுகள் எனப்படும் செயற்கை மூலக்கூறுகளை உருவாக்கினர். 1997இல் எட்டு வளையங்கள் கொண்ட ஒன்று, தவளை உயிரணுக்களில் 5எஸ் ஆர்.என்.ஏ பரம்பரையலகின் மீது அமர்ந்து, அங்கு வந்து பிணையவேண்டிய புரதத்துக்கு இடங்கொடாமல் படியெடுப்பைத் தடுத்தது.

ஆனால் இரு இழைகளையும் ஏணிப்படிபோல இணைக்கும் மூலச்சோடித் துண்டுகளின் விளிம்பு வெறும் மட்டமாக இருக்கிறது. குவனின் என்னும் மூலத்தின் அமினோக் கூட்டம் சிறுதவாளிப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்; நெற்றொப்சினை இடித்து விலக்குவதும் அதுதான், இமிடசோல் ஐதரசன் பிணைப்பால் பற்றிக்கொள்வதும் அதைத்தான். அது காட்டப்படாததால், மூலக்கூறு நிறத்தைப் பார்த்துச் சோடியை இனங்காண்கிறதோ என்று மாணவர் மயங்குகின்றனர். களிமண் உருண்டை ஒட்டிச் சமாளிக்க வேண்டியுள்ளது.

பெருங்குறை வேறு. 1940இல் வக்ஸ்மன், வுட்ரஃப் ஆகிய ஆய்வாளர்கள் மண் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த, சிறுவரின் வில்ம்ஸ் சிறுநீரகப் புற்றுக்கு இன்றும் வழங்கப்படும் அக்ரினோமைசின் டி, தன் தட்டையான வளையத்தை இரு சோடிகளுக்கிடையே செருகி, இரு பெப்ரைட்டு வளையங்களையும் சிறுதவாளிப்பில் படியவைத்து, படியெடுக்கும் நொதியமான ஆர்.என்.ஏ பொலிமரேசை முன்னேறவிடாது மறிக்கிறது. அவ்வாறு செருகுவதற்கு, சோடிகளுக்கிடையிலான 0.34 நனோமீற்றர் இடைவெளி ஏறத்தாழ இரட்டிப்பாகி, முறுக்கும் தளரவேண்டும். இப்பொதியில் சோடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் முளைகளோ அசையா. மெல்லிய அட்டைகூட நுழையாது, வலிந்து நுழைத்தால் முளை முறியும். இம்மருந்தைக் கற்பிக்க இது உதவாது.

பன்னிரண்டு சோடிகளே உள்ளதால் ஒரு சுற்றுக்குச் சற்று மேல்தான் கட்டலாம். ஆறு சோடிகளை இனங்காணும் பொலியமைட்டுக்கு அது போதும். எனினும் ஆறு சோடிகளில் 4096 வரிசைகளே சாத்தியம் என்பதால், 300 கோடி சோடிகள் கொண்ட மனித மரபுத்தொகுதியில் அதே வரிசை எத்தனையோ இடங்களில் வரும் என்பதையும் காட்ட விரும்புவோர் இரு பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தலாம். பாடசாலை ஆய்வுகூடத்துக்கு வாங்குவோர் இரண்டாகவே வாங்கட்டும். தனி மாணவருக்கு ஒன்று போதும்.