கேட்டலாக் மென்பொருளில் ‘தானியங்கி விளக்கம்’ பட்டனை அமுக்கும் முன் படிக்கவும்

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், பழைய டிவிடி எல்லாவற்றையும் கேட்டலாக் செய்து (எதில் என்ன இருக்கிறது என்று தேடக்கூடிய பட்டியலாக்கி) வைக்க மென்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. முக்கியமாக, ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் விளக்கத்தைத் தானே எழுதிவிடும் என்ற ஒரே வசதியை நம்பிக் காசு கட்டுகிறவர்களுக்கு. எந்த மென்பொருள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. இந்தக் கோளாறு ஒன்றோடு நிற்கிற விஷயமும் இல்லை.

நடந்தது இது. ஸ்கேன் செய்த ஆவணங்கள் உள்ள ஃபோல்டர். ஒவ்வொரு பிடிஎஃப்புக்கும் ‘வாடகை ஒப்பந்தம், 3ஆம் பக்கம் இல்லை’ என்கிற மாதிரி கையால் எழுதிய குறிப்பு. தானியங்கி விளக்கத்தை ஓட்டி முடித்ததும் அத்தனை ஃபைலுக்கும் ஒரே விளக்கம்: ஸ்கேனரின் மாடல் பெயர். கையால் எழுதியதில் ஒரு வரிகூட மிச்சமில்லை. அன்டூவும் இல்லை. புகார் செய்தால் தயாரிப்பாளர்களிடமிருந்து வரும் பதில், ‘மென்பொருள் வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது.’

அவர்கள் சொல்வது பொய்யில்லை, அதுதான் எரிச்சல். இந்த வசதி எதையும் புரிந்துகொண்டு எழுதுவதில்லை. ஃபைலுக்குள் ஏற்கெனவே கிடக்கும் மெட்டாடேட்டாவை (ஃபைலைப் பற்றிய தகவலை) எடுத்து விளக்கக் கட்டத்தில் ஒட்டுகிறது, அவ்வளவே. போட்டோ என்றால் கேமரா எழுதும் எக்ஸிஃப் தகவல், பாட்டு என்றால் பாட்டின் பெயர் போன்றவை இருக்கும் ஐடி3 டேக், பிடிஎஃப், வேர்ட் என்றால் தலைப்பு, நிறுவும் ஃபைல் என்றால் அதன் வெர்ஷன் தகவல். உள்ளே இருப்பது குப்பை என்றால் வெளியே வருவதும் அதுவே. சில பழைய கேமராக்கள் எக்ஸிஃப் விளக்கக் கட்டத்தில் தங்கள் கம்பெனிப் பெயரையே எல்லாப் படத்துக்கும் எழுதிவிடும். வேர்டிலிருந்து பிரிண்ட் கொடுத்து எடுத்த பிடிஎஃப்பில் தலைப்பு ‘மைக்ரோசாஃப்ட் வேர்ட் - டாகுமென்ட்1’ என்று இருக்கும். ஃபோல்டருக்கு இன்னும் மோசம். உள்ளே கண்ணில் படும் முதல் டெக்ஸ்ட் ஃபைலின் முதல் சில வரிகளை எடுத்துப் போடும் மென்பொருள்கள் உண்டு. ஃபான்ட் ஃபோல்டர் பத்து இருந்தால் பத்துக்கும் அதிலுள்ள லைசென்ஸ் ஃபைலின் காப்புரிமை அறிவிப்புதான் விளக்கம். தேடும்போது அது எதற்கு உதவும்?

தமிழில் பெயரும் டேக்கும் வைத்திருப்பவர்களுக்குத் தனித் தலைவலி. ஐடி3-யின் முதல் பதிப்பில் பாட்டின் பெயருக்கு 30 பைட் மட்டுமே; எந்த என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) என்று குறிக்க இடமே இல்லை. இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 என்கோடிங்கில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் போய்விடும். விளக்கக் கட்டத்துக்கு 255 பைட் என்று எல்லை வைத்திருக்கும் மென்பொருளில் அதே சொல்லை 17 தடவைதான் எழுத முடியும், அதுவும் இடைவெளி விடாமல். மிச்சம் எச்சரிக்கை ஏதுமின்றி வெட்டப்படும். என்கோடிங் மாறி ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்று விசித்திரக் குறிகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், பைட்டுகள் அப்படியே இருக்கும். கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டிருந்தால் முடிந்தது கதை.

காசு கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேமராப் படம், ஸ்கேன் பிடிஎஃப், தமிழ் டேக் உள்ள எம்பி3, ஜிப், வேர்ட் ஃபைல் என்று வகைக்கு இரண்டாக ஒரு ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். அதைக் கேட்டலாக் செய்து, மூன்று நான்கு ஃபைலுக்குக் கையால் நீளமான தமிழ் விளக்கம் எழுதுங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘ஏற்கெனவே விளக்கம் இருந்தால்’ என்ற இடத்தைப் பாருங்கள். மாற்று, விட்டுவிடு, பின்னால் சேர் என்று மூன்று தெரிவு இருந்தால் நல்லது. முன்னிருப்பாக ‘மாற்று’ டிக் ஆகியிருந்தால் உஷார். அந்தத் தெரிவே கிடையாது என்றால் வாங்காதீர்கள்.

தானியங்கி விளக்கத்தை ஓட்டிய பிறகு ஃபோல்டரின் பெயரை மாற்றி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். ஃபைல் இருக்கும் பாதையை வைத்து மட்டும் அடையாளம் காணும் மென்பொருளுக்கு, பெயர் மாறிய ஃபோல்டர் என்றால் பழையது அழிந்து புதியது வந்ததாக அர்த்தம். விளக்கங்கள் பழையதோடு போய்விடும். சோதனைப் பதிப்பில் இத்தனை ஃபைல்தான் என்று எல்லை இருப்பதால், மறு ஸ்கேன் வரை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. லைசென்ஸ் கீ போட்ட பிறகே தெரியவரும், அதற்குள் பணம் திரும்பப் பெறும் வாய்ப்பும் போயிருக்கும். கடைசியாக சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் அட்டவணை) எக்ஸ்போர்ட் எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். விளக்க நெடுவரிசையே இல்லாமல் பெயர், அளவு, தேதி மட்டும் வந்தால், நீங்கள் எழுதியது அந்த மென்பொருளுக்குள்ளேயே சிறை.

இன்னொன்று: சில மென்பொருள்கள் விளக்கத்தைக் கேட்டலாக்கில் வைக்காமல் படத்தின் எக்ஸிஃபிலேயே எழுதிவிடும். ஃபைலின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) மாறும், பெரும்பாலும் தேதியும் மாறும், அடுத்த பேக்கப்பில் அத்தனையும் புதிய ஃபைல் என்று மறுபடி காப்பி ஆகும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஹேஷ் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஏஐ விளக்கம் என்று விற்பதை இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். நின்றுபோனால் பெரும்பாலும் உங்கள் படம் வெளி சர்வருக்குப் போகிறது என்று அர்த்தம். அடையாள அட்டை, வங்கி ஆவணம் உள்ள ஃபோல்டரை அதற்குக் காட்டவே கூடாது.

தேய்ந்துபோன, சத்தம் போடுகிற ஹார்ட் டிஸ்க்கில் இதை ஓட்டாதீர்கள். சாதாரண கேட்டலாக் ஃபைல் பட்டியலை மட்டும் படிக்கும். விளக்கம் எடுக்க ஒவ்வொரு ஃபைலையும் திறந்தாக வேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், ஓட்டும் முன் மென்பொருளை முழுதாக மூடிவிட்டுக் கேட்டலாக் ஃபைலைத் தனியாகக் காப்பி எடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்தால், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகையில் கடைசி மாற்றங்கள் பக்கத்தில் உள்ள WAL என்ற தற்காலிக ஃபைலில் தங்கிவிடலாம். விளக்கங்கள் ஏற்கெனவே அழிந்திருந்தால், தரவுத்தளத்தைச் சுருக்கும் ‘காம்பாக்ட்’ பட்டனைத் தொடாதீர்கள். அழிந்த வரிகள் தரவுத்தளத்தின் காலிப் பக்கங்களில் இன்னும் இருக்கக்கூடும், காம்பாக்ட் அதையும் துடைத்துவிடும்.

கையால் எழுதும் விளக்கங்களுக்கு டிஸ்கிரிப்ட்.அயன் (descript.ion) என்ற பழைய முறை இன்றும் தாக்குப்பிடிக்கிறது: ஃபோல்டருக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், வரிக்கு ஒரு ஃபைல் பெயர், ஓர் இடைவெளி, பிறகு விளக்கம். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். டோட்டல் கமாண்டர் என்ற ஃபைல் மேலாண்மை மென்பொருளில் கன்ட்ரோல்+இசட் அடித்தால் எழுதலாம். ஆனால் ஃபைலை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வழியாக நகர்த்தினால் விளக்கம் கூடவே வராது. டோட்டல் கமாண்டர் வழியாக, செட்டிங்ஸில் குறிப்பையும் சேர்த்துக் காப்பி செய்யும் தெரிவை டிக் செய்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.