ஏற்காட்டு ஈரத்தில் ஆறு ஆண்டுகள்: பிபிசி மைக்ரோவும் என் மழைக் கணக்கும்

காலை எட்டரை மணிக்குக் காப்பித் தோட்டத்து மழைமானியை அளந்துவிட்டு வந்து, பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினியின் பின்பக்கத்து சுவிட்சைப் போடுகிறேன். தாழ்ந்த குரலில் ஓர் ஒலி, அதை ஒட்டியே உயர்ந்த குரலில் ஒரு ‘பீப்’. தம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரையில் அதன் பெயரும் அடியில் ஒரு கூர்முனைக் குறியும் வந்து நிற்கின்றன. ‘சொல், செய்கிறேன்’ என்று காத்திருக்கும் குறி அது. ஆறு ஆண்டுகளாக என் காலை இப்படித்தான் தொடங்குகிறது. 1980களின் கணினி ஒன்றை வாங்கி அலமாரியில் அழகுக்கு வைக்காமல், தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2019-இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில், மின்விசிறி மோட்டார்களுக்கு நடுவே இந்தப் பெட்டியைப் பார்த்தேன். பழுப்பேறிய உடம்பு, விசைப்பலகையின் மேல்வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் பத்துப் பொத்தான்கள். கடைக்காரர் அதைத் தட்டச்சுப் பொறி என்றே எண்ணியிருந்தார். 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். அடிப்பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளியின் பொருட்பதிவு எண் பெயிண்டால் எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் பேரம் பேச மனம் வரவில்லை. 1984-இல் பள்ளிகளில் கணினி அறிவைப் பரப்ப மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தவை இந்த வகைக் கணினிகள்தாம். நான் படித்த பள்ளியிலும் ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று, முறை வந்தபோது என் பெயரை ஒரே ஒருமுறை தட்டினேன். அடுத்த மாணவன் வந்து நின்றுவிட்டான். அந்த வரிசையில் மறுபடியும் நிற்க எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி இது. என்னிடம் இருப்பது மாடல் பி. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 செயலி, 32 கிலோபைட் நினைவகம். அளவுகள் அவ்வளவுதான். இனி வேலைக்கு வருகிறேன்.

வாங்கிய அன்றே பிளக்கைச் சொருகக் கூடாது. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். நான் நேராக அம்மாப்பேட்டையில் டி.வி. பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

“தம்பி, இதற்குக் கரண்டு கொடுத்துப் பார்த்தாயா?”

“இல்லை அண்ணா. கடையிலிருந்து நேராக உங்களிடம்தான் வருகிறேன்.”

“நல்ல வேலை செய்தாய். இங்கே பார்.”

பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் மஞ்சள் நிறத்தில் சதுரமாக ஒரு கண்டென்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் சிறு பாகம். வெல்லப்பாகு இறுகியது போன்ற அதன் தோலெங்கும் மயிரிழை வெடிப்புகள். உலோகப் பூச்சுள்ள காகிதத்தைச் சுருட்டிப் பிசினில் அடைத்துச் செய்தது அது. பல பத்தாண்டுகளில் பிசின் வெடிக்கும். வெடிப்பு வழியாகக் காகிதம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். பிறகு ஒருநாள் கரண்டு ஏறியதும் சூடாகிப் படாரென்று உடைந்து, அறை முழுக்க நாற்றமெடுத்த புகையைக் கக்கும். மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் நடந்து வரும் ஏற்காட்டில் அந்தக் காகிதம் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று என இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் பிளாஸ்டிக் ஃபிலிம் வகை போட்டார். இரண்டும் சேர்ந்து ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. இந்த இடத்துக்கு ‘எக்ஸ்-2’ என்ற பாதுகாப்புக் குறியீடு உள்ளதைத்தான் போட வேண்டும். அளவு ஒத்துப்போகிறது என்று கையில் கிடைத்ததைப் போடக் கூடாது. இன்னொன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைத் தெரிந்தவர் கையில் விட்டுவிடுவதே நல்லது.

மலைக்குக் கொண்டுவந்து முதல்முறை சுவிட்சைப் போட்டபோது ஒரே ஒலி, ‘பூ’ என்று நிற்காமல் ஒலித்தது. திரை வெறுமையாக இருந்தது. இந்தக் கணினியில் ஒலியை உண்டாக்கும் ஐ.சி. (சில்லு) கரண்டு வந்ததும் தானாகவே ஒலிக்கத் தொடங்கிவிடும். செயலி விழித்துக்கொண்டு வந்து அதை அடக்கிவிட்டு, ‘நான் வந்துவிட்டேன்’ என்பதுபோல இரண்டாவது ‘பீப்’பைக் கொடுக்கும். ஒலி அடங்கவில்லை என்றால் செயலி எழுந்திருக்கவில்லை என்று பொருள். கண்ணால் பார்க்க முடியாத பழுதைக் காது சொல்லிவிடுகிறது. குழந்தையின் அழுகையைக் கேட்டே பசியா வலியா என்று பிரித்தறிகிறவர்களுக்கு இது புரியும்.

காரணம் ஈரம்தான். சாக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஐ.சி.க்களின் கால்கள் கறுத்துப்போயிருந்தன. ஒவ்வொன்றாக இரு முனையிலும் மாறிமாறி மெல்ல நெம்பி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, எந்தப் பக்கம் பள்ளம் இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு திரும்ப அழுத்தினேன். கால் ஒன்று மடங்கினால் போயிற்று; ஆகவே அவசரமே கூடாது. மூன்றாம் நாள் மாலை அந்த இரட்டை ஒலி வந்தது. அடுக்களையிலிருந்து என் மனைவி, “வந்துவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள். மூன்று நாளாக அவளும் அந்த ஒற்றை ஒலியைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்!

திரைக்கு வீட்டிலிருந்த பழைய பிக்சர் டியூப் டி.வி.யே போதுமானதாக இருந்தது. பிரிட்டனும் நாமும் பால் (PAL) என்ற ஒரே டி.வி. ஒளிபரப்பு முறையையே பின்பற்றியதால் படம் உருளாமல் நிற்கிறது. வீடியோ வெளியீடு கறுப்பு வெள்ளையில்தான் வரும். உள்ளே ஒரு சிறிய இணைப்பைச் சேர்த்தால் வண்ணம் கிடைக்கும். நான் சேர்க்கவில்லை. கறுப்பு வெள்ளையில் எழுத்து கத்தரித்த மாதிரி துல்லியமாக இருக்கிறது. எண்களோடு வேலை செய்கிற எனக்கு அதுதான் வேண்டும்.

கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்கிறார்கள். கூட்டல் கழித்தல் செய்ய ஐந்து நிமிடம். பயனுள்ள ஒரு நிரலை நீங்களே எழுத ஒரு மாதம். இதன் தடித்த கையேட்டைச் சேலத்தில் நகலெடுத்துச் சுருள் கம்பி போட்டு வைத்திருக்கிறேன். இதில் நிரல் எழுதும் மொழி பேசிக். ஏகார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சன் எழுதிய இந்த பேசிக், அந்தக் காலத்து மற்றக் கணினிகளின் பேசிக்கைவிட மிக நேர்த்தியானது என்பது என் உறுதியான கருத்து. நிரலின் ஒரு பகுதிக்குப் பெயர் சூட்டித் தனியே வைத்துக்கொண்டு, வேண்டும்போது பெயர் சொல்லி அழைக்கலாம். வரி எண்ணுக்குப் பின்னால் அலைய வேண்டாம். ஸ்டீவ் ஃபர்பரோடு சேர்ந்து இதே வில்சன்தான் பிறகு ஆர்ம் செயலியை வடிவமைத்தார். ஐ.சி.க்களைப் படம்பிடித்த என் கைபேசிக்குள் இருப்பது அந்தப் பரம்பரைதான்.

எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்தது நினைவகச் சிக்கனம். திரையும் நிரலும் அதே 32 கிலோபைட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ‘மோட் 7’ என்ற எழுத்துத் திரைக்கு 1 கிலோபைட் போதும். மிகத் துல்லியமான ‘மோட் 0’ 20 கிலோபைட்டை விழுங்கும். வட்டு இணைப்பும் இருந்தால் நிரலுக்கு மிஞ்சுவது 5,888 பைட்டுகள் மட்டுமே. மாதச் சம்பளத்தில் வாடகை போக என்ன மிச்சம் என்று பார்க்கிற குடும்பக் கணக்கு இது. நான் 10 கிலோபைட் கேட்கும் ‘மோட் 4’-இல் நிலைத்துவிட்டேன்.

மற்றொரு பாடம் ‘பிரேக்’ பொத்தான். செம்மஞ்சள் வரிசையின் வலது கோடியில் இருக்கும் அதில் விரல் பட்டால் எல்லாம் அழிந்ததுபோலத் திரை வெறுமையாகிவிடும். இரண்டு மணி நேர உழைப்பு போயிற்று என்று நான் திகைத்து உட்கார்ந்திருக்கிறேன். ‘ஓல்டு’ என்று தட்டி ‘ரிட்டர்ன்’ அழுத்தினால் நிரல் திரும்ப வந்துவிடும். மின்வெட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதற்கு ஒரே வழி, பத்து வரிக்கு ஒருமுறை சேமிப்பதுதான்.

சேமிப்பை முதலில் ஒலிநாடாவில் தொடங்கினேன். 1200 பாட், அதாவது நொடிக்கு 1200 பிட் வேகம். திரையில் ‘தேடுகிறது’, ‘ஏற்றுகிறது’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் வந்து துண்டு துண்டாக எண் ஏறுவதைப் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் மலையில் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. மழைக்காலத்தில் ‘நாடாவைப் பின்னால் சுற்று’ என்ற செய்தியைத்தான் அதிகம் பார்த்தேன். ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டுகளும் அப்படியே. எடுத்துப் பார்த்தால் வட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூ. இரண்டாம் ஆண்டில் கோடெக் எனப்படும் சிறு கருவியை மாட்டினேன். பென் டிரைவில் இருக்கும் கோப்பை நெகிழ்வட்டு என்று கணினியை நம்பவைக்கும் பெட்டி அது. வட்டு இணைப்பு உள்ள கணினியாக இருந்தால் முதல் மாதமே இதற்கு மாறிவிடுங்கள். இதிலும் பழைய விதிகள் தொடரும்: 40 தட வட்டு ஒன்றில் 100 கிலோபைட், 31 கோப்புகளுக்கு மேல் ஏறாது. மாதத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்திருந்த நான், ஆண்டுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டேன்.

இனி மழைக் கணக்கு. காப்பிக்காரர்களுக்கு மழை என்பது வெறும் செய்தி அல்ல. மார்ச், ஏப்ரலில் காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் ‘பூ மழை’ எந்த நாளில் விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்பதில்தான் அந்த ஆண்டின் காய் இருக்கிறது. தோட்டத்துப் பழைய பேரேடுகளில் மழை அங்குலத்திலும் சென்டிலும் இருக்கும். நூறு சென்ட் ஓர் அங்குலம். இப்போது அளப்பது மில்லிமீட்டரில். சென்டை 0.254-ஆல் பெருக்கும் ஒரு வரிதான் என் நிரலின் முதல் வரி. தாத்தா காலத்துப் பேரேட்டை மாலை வேளைகளில் ஒவ்வொரு பக்கமாக ஏற்றி வருகிறேன். படம் வரைவதற்கு இந்தக் கணினியின் திரை 1280 அலகு அகலம் என்று கொள்ளப்படுகிறது. நாளுக்கு 40 அலகு வீதம் 31 நாளுக்கு 1240. ஓரம் விட 40 மிச்சம். முதல்முறை ஒரு முழு மாத மழை கம்பங்களாகத் திரையில் எழும்பி நின்றபோது, இந்தப் பெட்டி மாத மழைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கணினிக்குள் கடிகாரம் கிடையாது. தேதியை நான்தான் தினமும் தட்ட வேண்டும். அது குறையாக எனக்குத் தோன்றவில்லை. தேதியைக் கையால் எழுதுகிறவனுக்கு அந்த நாள் மறப்பதில்லை.

பராமரிப்புக்கு இங்கே எல்லோரும் துணி அலமாரிக்குச் செய்வதையே செய்கிறேன். மரப்பெட்டிக்குள் குறைந்த வாட் குண்டு பல்பு ஒன்று, ஜூன் முதல் டிசம்பர் வரை, கணினி ஓடாத நேரங்களில் எரியும். அந்த இளஞ்சூட்டில் ஈரம் தங்குவதில்லை. பல்பு வைத்த பிறகு ஐ.சி. கால்களை ஒரே ஒருமுறைதான் துடைத்திருக்கிறேன். மாறாக, ஒரு மே மாதம் அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டுக்கு இதைக் கொண்டுபோனபோது, இரண்டு மணி நேரத்தில் திரையில் எழுத்துகள் நடுங்கத் தொடங்கின. வீடியோ ஐ.சி. தொட முடியாத சூட்டில் இருந்தது. அதன் தலையில் அலுமினிய வெப்பத்தகடு ஒன்றை ஒட்டியபின் நடுக்கம் நின்றது. சேலத்தில் வைத்திருப்பவர்கள் வெயில் காலத்துக்கு முன்பே இதைச் செய்துகொள்ளுங்கள். மலைக்கு பல்பு, அடிவாரத்துக்குத் தகடு.

வாங்கலாமா என்றால், வேலை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள் என்பேன். பால் கணக்கோ, சீட்டுக் கணக்கோ, கிணற்று நீர்மட்டமோ, எதுவாகவும் இருக்கலாம். விளையாட்டுக்கு மட்டும் வாங்கியவர்களின் பெட்டி ஆறு மாதத்தில் பரணுக்கு ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுச் சிறுமி வருகிறாள். ஆறாம் வகுப்பு. தமிழில் எழுத முடியுமா மாமா என்று கேட்டாள். நாமே எழுத்தை வரைந்துகொள்ள இதில் 224 முதல் 255 வரை 32 இடங்கள் உண்டு. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என்று விரல்விட்டு எண்ணி, “ஓர் இடம் மிச்சம் மாமா!” என்று குதித்தாள். கால், கொம்பு, சுழிகளுக்கு எங்கே போவது என்பதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒரு வரிசையின் கட்டங்களுக்கு இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு; நிரப்பிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கான எண். கணக்கு நோட்டில் கட்டம் போட்டு ‘ட’ வரைந்தோம்: ஆறு வரிசைக்கு 64, ஏழாவது வரிசைக்கு 126, கடைசி வரிசைக்கு 0. ‘ப’வுக்கு 64 இருந்த இடங்களிலெல்லாம் 66. எழுத்தின் வடிவத்தைக் கணினிக்குச் சொல்லும் ‘விடியூ 23’ என்ற ஆணையில் தொடங்கி எண்களை வரிசையாகத் தட்டி, இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டதும் திரையில் ‘பட’ என்று நின்றது. அவள் எழுத நினைத்தது ‘படம்’. எட்டே வரிசையில் ‘ம’வின் சுழியை வரைந்து மேலே புள்ளிக்கும் இடம் விட வேண்டும். இந்த ஞாயிறும் அவள் அழிரப்பரோடு வருவாள்.