அம்மாவின் முதுகில் நான்கு ஸ்க்ரூ, பில்லில் ஆறு

முதுகுத்தண்டு அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் கலக்கத்தோடு இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவமனை பில்லில் கூடுதலாக வாங்கிய எங்கள் பணம் 57,000 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அம்மா உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங் பிரிவில் 26 ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு இடுப்பு வலி கூடிக்கொண்டே போனது. பிறகு நூறு அடி நடந்தாலே இரண்டு காலும் மரத்துப்போகும். எங்காவது திண்ணையில் குனிந்து உட்கார்ந்தால் சரியாகும், எழுந்து நடந்தால் மறுபடியும் அதே கதை. இடுப்புப் பகுதியில் எல்4 என்ற முதுகெலும்பு, அதற்குக் கீழே உள்ள எல்5 எலும்பின் மேல் முன்னோக்கி நகர்ந்து நரம்பை நெருக்குகிறது என்று எம்.ஆர்.ஐ சொன்னது. மாத்திரை, பிசியோதெரபி என்று எட்டு மாதம் பார்த்தோம். இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகக் கேட்டோம். இருவருமே ஸ்க்ரூவும், அவற்றை இணைக்கும் ராடு என்ற உலோகக் கம்பியும் வைத்து அந்த இரண்டு எலும்புகளையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும் என்றார்கள். ஆகவே தேவையில்லாத அறுவை என்று நான் குற்றம் சொல்லவில்லை. அறுவையும் நன்றாகவே நடந்தது. அம்மா இன்று கடைத்தெரு வரை தானாகப் போய் வருகிறார். அதைச் செய்த கைகளுக்கு என் நன்றி என்றும் உண்டு.

ஏமாற்று நடந்தது அறுவை அரங்கில் அல்ல, பில் போடும் மேசையில்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. அறுவைக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு என்னைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்தார்கள். மருத்துவர் அங்கே இல்லை. "கவுன்சிலர்" என்ற பெண் இரண்டு தாள்களை நீட்டினார். "இந்தியன் செட் என்றால் செலவு குறையும், மேடம். ஆனால் அம்மா வயதுக்கு எலும்பு மெலிந்திருக்கும். ஸ்க்ரூ தளர்ந்துவிட்டால் மறுபடி திறக்க வேண்டி வரும். இம்போர்ட்டட் டைட்டானியம் போட்டுவிட்டால் கவலையே இல்லை." அந்த நேரத்தில், அந்த அறையில், எந்த மகள் விலை குறைந்ததைக் கொடுங்கள் என்று சொல்வாள்? கூட்டுறவு வங்கியில் நாள் முழுவதும் மற்றவர்களின் வவுச்சரைச் சரிபார்க்கிற நான், எத்தனை ஸ்க்ரூ, எந்தக் கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அவர் சொன்னது எவ்வளவு தவறு என்பது பிறகுதான் புரிந்தது. இங்கே செய்யப்படும் ஸ்க்ரூக்களிலும் பெரும்பாலானவை டைட்டானியக் கலவைதான். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த அதே உலோகத்தைத்தான் வெளிநாட்டுக் கம்பெனிகளும் பயன்படுத்துகின்றன. ஸ்க்ரூ தளர்வதும் தளராததும் எலும்பின் அடர்த்தி, ஸ்க்ரூவின் தடிமனும் நீளமும், அது எலும்பில் இறங்கிய கோணம் ஆகியவற்றைப் பொறுத்தது. கப்பலில் வந்தது என்பதற்காக எந்த ஸ்க்ரூவும் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதில்லை.

மொத்த பில் 5,62,000 ரூபாய். அதில் இம்ப்ளான்ட், அதாவது உடலுக்குள் வைக்கும் பொருட்களுக்கு மட்டும் 2,85,000. ஸ்க்ரூ 24,500 வீதம் ஆறு, அதன் தலையில் போடும் மூடி 4,000 வீதம் ஆறு, ராடு 18,000 வீதம் இரண்டு, இரண்டு எலும்புகளுக்கு நடுவே வைக்கும் கேஜ் ஒன்று 78,000. எங்கள் இன்சூரன்ஸுக்கு அந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் வசதி கிடையாது. முதலில் முழுவதையும் நாங்களே கட்டினோம், பிறகு கிளெய்முக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கம்பெனிப் பெயரும், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும், மருத்துவமனை அவற்றை வாங்கிய இன்வாய்ஸும் வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகை கிடையாது என்று எழுதியிருந்தார்கள். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "எங்கள் செட்டில் ஸ்டிக்கர் வராது, மேடம்" என்றார்கள். இன்வாய்ஸ்? "அது எங்கள் உள் விவகாரம்."

அதே வாரத்தில்தான் எங்கள் ஊரில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அம்மாவை அழைத்துப் போனேன். தையல் பக்கத்தில் லேசாகச் சிவந்திருந்தது, காட்ட வேண்டியிருந்தது. கையில் எக்ஸ்ரே இருந்தது. பேச்சோடு பேச்சாக பில்லையும் காட்டினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "எல்4, எல்5, இரண்டே எலும்பு. ஒவ்வொன்றிலும் இடம் ஒன்று, வலம் ஒன்று. நான்கு வந்துவிட்டது. ஆறு எங்கே இருக்கிறது?" என்றார். நானும் எண்ணினேன். பக்கவாட்டுப் படத்தில் இடமும் வலமும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து இரண்டு போலத் தெரியும். நேர்ப்படத்தில் நான்கும் தனித்தனியாகத் தெளிவாக இருந்தன. ஆறு ஸ்க்ரூ என்றால் மூன்று எலும்புகளைப் பிணைத்திருக்க வேண்டும்.

கேஜும் கண்ணில் படவில்லை. 78,000 ரூபாய்ப் பொருளையே வைக்கவில்லையோ என்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மருத்துவர்தான் நிதானப்படுத்தினார். கேஜ் பீக் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆனது, எக்ஸ்ரேயில் விழாது, இருக்கும் இடம் தெரிவதற்காக அதற்குள் பதித்த சிறிய உலோக ஊசிகள் மட்டுமே புள்ளிகளாகத் தெரியும் என்று விளக்கி, அந்தப் புள்ளிகளைக் காட்டினார். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு யார் மீதும் பழி போடும் முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அன்று அவர் இல்லாவிட்டால் நான் இல்லாத குற்றத்தைச் சொல்லி, இருந்த குற்றத்தையும் கெடுத்திருப்பேன்.

மருத்துவமனையில் கேட்டபோது பதில் மாறியது. இரண்டு ஸ்க்ரூக்களுக்குப் பிடிமானம் சரியாக இல்லை, எடுத்துவிட்டு வேறு போட்டார்கள், எடுத்ததும் கணக்கில் வரும் என்றார்கள். அப்படி உண்மையிலேயே நடப்பதுண்டு. ஆனால் நடந்திருந்தால் அறுவைக் குறிப்பில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பைக் கேட்டேன். மறுத்தார்கள். நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்த விதியைக் குறிப்பிட்டு, அம்மாவின் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். நான்காம் நாள் நகல் கிடைத்தது. அறுவை செய்தவர் தன் கைப்பட எழுதியிருந்தார்: நான்கு ஸ்க்ரூ, 6.5 மில்லிமீட்டர் தடிமன், 45 மில்லிமீட்டர் நீளம், இரண்டு ராடு, ஒரு கேஜ். எதையும் எடுத்து மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. எங்களைக் காப்பாற்றியது அந்த நேர்மையான நான்கு வரிகள்தான்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முழங்கால் மூட்டு போலவோ ஸ்டென்ட் போலவோ இவை பெரும்பாலும் சீல் செய்த தனித்தனிப் பெட்டியில் வருவதில்லை. டீலர் எல்லா அளவு ஸ்க்ரூக்களையும் அடுக்கிய எஃகுத் தட்டுகளை முந்தின நாளே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து விடுகிறார். அங்கே அவை ஆட்டோகிளேவில் கிருமி நீக்கம் செய்யப்படுகின்றன. மருத்துவர் தேவையானதை எடுத்துக்கொள்கிறார், மீதி டீலரிடமே திரும்பிப் போகிறது. எதை எத்தனை எடுத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார்கள், அதை வைத்துத்தான் டீலர் மருத்துவமனைக்கு பில் போடுவார். ஸ்டிக்கர் இல்லை என்று சொல்வதில் ஓரளவு உண்மை இருப்பது இதனால்தான். ஆனால் அந்தச் சீட்டு கட்டாயம் இருக்கும், ஸ்க்ரூவின் தலையில் பொறித்த பேட்ச் எண்ணை அதில் எழுதவும் முடியும். நோயாளியின் வீட்டாருக்கு அந்தச் சீட்டை யாரும் காட்டுவதில்லை. கேட்கலாம் என்றும் நமக்குத் தெரிவதில்லை.

வழக்கறிஞர் நோட்டீஸ் போன பிறகு இன்வாய்ஸின் நகல் வந்தது. நான்கு ஸ்க்ரூ. ஒன்று 6,800 ரூபாய். கம்பெனி நம் நாட்டுக் கம்பெனி. நம் நாட்டுப் பொருள் மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன், அம்மாவைத் தாங்குவது அதுதான். இம்போர்ட்டட் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, 6,800 ரூபாய்ப் பொருளுக்கு 24,500 போட்டு, வைக்காத இரண்டுக்கும் பணம் வாங்கினார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

விலையில் அவர்களைப் பிடிப்பது கடினம். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மூட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்ச விலை நிர்ணயித்தது. முதுகுத்தண்டு ஸ்க்ரூவுக்கு அப்படி எதுவும் இல்லை. எம்.ஆர்.பி. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது மட்டுமே விதி. ஆரம்பத்திலேயே எம்.ஆர்.பி.யை மலையளவு வைத்துவிட்டால் அதற்குள் எவ்வளவு வாங்கினாலும் கேள்வி இல்லை. எண்ணிக்கை அப்படி அல்ல. வைக்காததற்கு பில் போட்டால் அதற்கு எந்த விதியும் துணை வராது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஆரியா சபித் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், முதுகில் வைக்காத உலோகச் சாதனங்களுக்கு பில் போட்டதை 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2017-இல் அவருக்குக் கிட்டத்தட்ட 20 ஆண்டு சிறை கிடைத்தது.

எங்களுக்கு 57,000 ரூபாய்க்கு ஒரு காசோலை வந்தது. கூடவே வந்த கடிதத்தில் "சிறப்புத் தள்ளுபடி" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு ஸ்க்ரூவும் இரண்டு மூடியும் சேர்ந்தால் துல்லியமாக அதே தொகை. தவறு என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

பணத்தைவிட என்னை அரிப்பது பேட்ச் எண். 2010 ஆகஸ்டில் ஏ.எஸ்.ஆர் என்ற இடுப்பு மூட்டை அதைத் தயாரித்த நிறுவனம் உலகம் முழுவதிலும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று அரசு அமைத்த நிபுணர் குழு சொன்னது. நாளை அம்மாவின் முதுகில் இருக்கும் ஸ்க்ரூவில் பழுது என்று ஓர் அறிவிப்பு வந்தால், அது அம்மாவுக்கானதா என்று நான் எதைப் பார்த்துச் சொல்வேன்?

ஆகவே அறுவைக்கு முன்பே, பயம் நெஞ்சைப் பிடிக்கும் அந்த மாலைக்கு முன்பே, அறுவை செய்யும் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள்: எந்தெந்த எலும்பு, எத்தனை ஸ்க்ரூ, எந்தக் கம்பெனி? அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அறுவை முடிந்ததும் அந்த உபயோகச் சீட்டின் நகலையும், ஸ்டிக்கர் இருந்தால் அதையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கம்பெனிப் பெயரும் அளவும் பேட்ச் எண்ணும் எழுதப்படும் வரை கடைசித் தவணையைக் கட்டாதீர்கள். அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயில் நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் இரண்டையும் வாங்கி வையுங்கள், பில்லோடு வைத்து எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் மனு ஆணையத்தில் இருக்கிறது, அங்கே எழுதியிருக்கிறேன். அதில் நாங்கள் கேட்டிருப்பவற்றில் முதலாவது, அந்த நான்கு ஸ்க்ரூக்களின் பேட்ச் எண். இதுவரை வரவில்லை.